காத்தாடிக்கு யார் சொன்னது?

என் அக்காள் மகன் நான்காம் ஆண்டு படிக்கிறான். போன பள்ளி விடுமுறையில் அவனையும் அவனுடைய பழைய மடிக்கணினியையும் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். அவனுக்கு ஒன்றும் இல்லை, கணினிக்குத்தான் உடம்பு சரியில்லை. திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, உள்ளே 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம் கிளம்பும். விளையாட்டு ஏதாவது திறந்தால் போச்சு, சிப்பாங்கில் விமானம் ஏறுகிற மாதிரி இரைச்சல். "உள்ள ஏதோ இருக்கு மாமா" என்பான், பாதி பயமும் பாதி ஆசையுமாக.

ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பழுதுபார்க்கும் கடை. படியேறி முடிக்கும்வரை மல்லிகை வாசம். கதவைத் திறந்தால் ஈயம் உருகுகிற வாசம். கடைக்கார அண்ணன் கணினியைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினார். அடிமூடி கையோடு வந்தது. உள்ளே, உள்ளங்கையைவிடச் சிறிதாக ஒரு காத்தாடி. அதன் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று.

"பேய் வந்திருச்சு, பாரு" என்று அதை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். "தூசி லா. முடி, நூல், சாம்பிராணிப் புகை, எல்லாம் சேந்து இப்படி ஆயிரும்."

பாடநூலில் இதற்குப் பெயர் மின்விசிறி. நம் வீடுகளில் காத்தாடிதானே? இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யாராவது படித்தால், நூல் கட்டிப் பறக்கவிடுகிற காத்தாடி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் தூரிகையால் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காத்தாடியிலிருந்து மெல்லிய கம்பிகள் நான்கு வந்தன. பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "சூடு ஏறினா காத்தாடி வேகமா சுத்துது. ஆனா காத்தாடிக்குச் சூடு தெரியாதே. அதுக்கு யார் சொன்னது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "மாமா எழுதுறவரு, அவரு சொல்வாரு" என்று நழுவிவிட்டார். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கிள்ளானில் வீடு போய்ச் சேரும்வரை அதைத்தான் பேசிக்கொண்டு போனோம்.

ரயிலுக்குக் காத்திருந்தபோதே சூட்டின் கதையைத் தொடங்கிவிட்டேன். கணினியின் மூளை என்று சொல்கிறோமே, அந்தச் செயலிச் சில்லு ஏறக்குறைய உன் கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத டிரான்சிஸ்டர்கள் நூற்றுக்கணக்கான கோடி. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்விசை. அவை திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. மடிக்கணினியின் செயலி 15 வாட், சிலவற்றில் 45 வாட்டுக்கு மேலும் விழுங்கும். பழைய 40 வாட் குண்டு பல்பு எரியும்போது யாராவது தொட்டிருக்கிறீர்களா? தொட்டவர்கள் மறுபடி தொட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு சூட்டையும் ஒரு நகத்தின் அளவுக்குள் அடைத்தால் என்ன ஆகும்!

சூடு தங்கினால் பொருள் கெடும். பொறியாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் மின்னணுப் பொருளின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். எல்லாப் பொருளுக்கும் துல்லியமாகப் பொருந்தாது. ஆனாலும் எச்சரிக்கைக்கு அது போதும்.

"அதுக்குத்தான் காத்தாடி குளிர வைக்குது" என்றான். இல்லை, காத்தாடி குளிரை உண்டாக்குவதே இல்லை. ஆளில்லாத அறையில் காத்தாடியைச் சுற்றவிட்டால் அறை குளிர்வதில்லை. மோட்டாரின் சூட்டால் துளி ஏறவும் செய்யும். சூடான காற்றை அங்கிருந்து தள்ளிவிட்டு வேறு காற்றுக்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. பிரிக்பீல்ட்ஸில் மதிய நேரத்துக் காற்றே 33 டிகிரி என்றால், எப்படிப் பறந்து பறந்து சுற்றினாலும் சில்லு 33-க்குக் கீழே இறங்காது.

தள்ளுவதற்கு முன்னால் சூட்டைக் காற்றோடு சேர்த்துவிட வேண்டும். அதற்காகச் செப்புக் குழாய் ஒன்று செயலியின் சூட்டைக் காத்தாடியின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகள் புத்தகப் பக்கங்கள் போல நெருக்கமாக நிற்கும். மூலைக்கடையில் தே தாரிக் போடுகிறவரைப் பார்த்திருப்பாய். இரண்டு குவளைக்கு நடுவில் தேநீரை ஒரு முழம் இழுக்கிறார். குவளைக்குள் இருந்தால் மேல்பரப்பு மட்டும்தான் காற்றைத் தொடும். இழுத்து நீட்டினால் தேநீர் முழுதும் காற்றில் குளிக்கும். உலோகத் தகடுகள் செய்வதும் அதையேதான். நம் கணினியில் தூசிக் கம்பளி அடைத்துக்கொண்டிருந்தது அந்தத் தகடுகளின் இடைவெளியை. காற்று போக வழியில்லை, சூடு இறங்கவில்லை, காத்தாடி தன் பங்குக்கு இன்னும் வேகம் கூட்டிக் கத்தியது.

ரயில் வந்துவிட்டது. சன்னலோரம் அவனுக்கு.

"யார் சொன்னதுன்னு இன்னும் சொல்லலையே?"

சொல்கிறேன். அதற்கு முன், இப்போது ஏறினோமே அந்த ஊரின் பெயரைப் பார். பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கல் அறுக்கும் வெளிகள். 1881 ஜனவரியில் கோலாலம்பூரில் பெருந்தீ. அத்தாப்புக் கூரையும் மர வீடும் எரிந்து போயின. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். அதற்குப் பிறகு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவதெல்லாம் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்றார். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? கப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளை போட்டார். ஊருக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சூளையில் எரிகிற தீக்குள் கண்ணாடி வெப்பமானியை விட முடியாது. எந்த ஊர்ச் சூளைக்காரரும் நிறத்தைத்தான் பார்ப்பார். மங்கின சிவப்பு என்றால் சூடு போதவில்லை, கல் பச்சையாக நிற்கும். கண் கூசுகிற மஞ்சளுக்குப் போனால் கல் உருகிக் கோணிக்கொள்ளும். நடுவில் ஓர் ஆரஞ்சுச் சிவப்பு. அங்கே நிறுத்த வேண்டும். கண் நிறத்தைப் பார்க்கிறது, மனம் கணக்குப் போடுகிறது, கை விறகைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. மறுபடியும் கண். இரவெல்லாம் இதே வட்டம்தான்.

சாத்தே சுடுகிறவரும் அப்படித்தான். ஓலை விசிறியை ஒரே வேகத்தில் வீசிக்கொண்டே இருந்தால் இறைச்சி கரியாகிவிடும். கரி மங்கினால் படபடவென்று வீசுவார், கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் நிறுத்துவார். அவர் தீயை வளர்க்க வீசுகிறார், கணினி சூட்டைத் தணிக்க வீசுகிறது, வித்தியாசம் அவ்வளவே. கண், மனம், கை மூன்றும் அங்கேயும் உண்டு.

காத்தாடி வெறும் கை. நீ கேட்டது, கண் எங்கே, மனம் எங்கே என்று.

கண்ணாக இருக்கிற ஒரு சில்லைச் சொல்கிறேன். பெயர் எல்எம் 75. நேஷனல் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனம் 1990-களில் கொண்டுவந்தது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கட்டி, எட்டுக் கால்கள், விலையும் மலிவு. பலகையில் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்துகொண்டு, நொடிக்குச் சில தடவை தன் உடம்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும். −55 டிகிரியிலிருந்து 125 டிகிரிவரை அதற்குத் தெரியும். அரை டிகிரி, அரை டிகிரியாக எண்ணும். அதாவது 25 டிகிரி என்றால் அது எழுதி வைக்கும் எண் 50. இன்று மதியம் 32.5 டிகிரி என்றால்?

"65" என்றான், பாந்தாய் டாலாம் நிலையம் வருவதற்குள்.

கேட்கிறவர்களுக்கு அந்த எண்ணை எப்படிச் சொல்லும்? இரண்டே கம்பி. 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ-ஸ்கொயர்-சி என்ற முறை. ஒரு கம்பியில் செய்தி போகும்; இன்னொரு கம்பியில் தாளம் மட்டும். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பரதம் கற்கிற பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். நட்டுவாங்கத் தாளம் விழும்போதுதான் அடி வைக்க வேண்டும், தாளத்துக்கு முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது. சில்லுகளும் தாளக் கம்பியைப் பார்த்துத்தான் செய்திக் கம்பியில் ஒன்றா, பூஜ்யமா என்று படிக்கின்றன.

ஒரே கம்பியில் பல எல்எம் 75 இருந்தால் யாரைக் கூப்பிடுவது? அதன் எட்டுக் கால்களில் மூன்று, வீட்டு எண்ணுக்காகவே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மேலே கட்டலாம், கீழே கட்டலாம். இரண்டு, இரண்டு, இரண்டு: பெருக்கினால் எட்டு. ஒரே சந்தில் எட்டு வீடு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்காகக் கட்டின நூறு வீடுகளின் வரிசை இருந்தது. 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்பார்கள். ஒரே மாதிரி வீடு, தபால்காரருக்கு எண்தான் அடையாளம். அந்த வீடுகளை இடித்துவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். அது வேறு கதை.

ரயில் செரி செத்தியாவில் நின்றது. நான் பையனின் தோளைத் தட்டினேன். இதுதான் சுங்கை வே. உன் அத்தைப்பாட்டி வேலை செய்த இடம்.

1970-களின் தொடக்கத்தில் மலேசியா தடையற்ற வாணிப வட்டாரங்களைத் திறந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ், இங்கே சுங்கை வே, அந்தப் பக்கம் உலு கிளாங். இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஏஎம்டி எல்லாம் பினாங்குக்கு வந்தன. மோட்டோரோலா சுங்கை வேக்கு வந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1972-இல் உலு கிளாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். என் அத்தை அப்படிப் போனவர்தான். சில்லுக்கு உள்ளிருந்து வெளிக் கால்களுக்குத் தங்கக் கம்பி இழுப்பது அவர் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எட்டு மணி நேரம். அந்தக் கம்பியின் தடிமன் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். "தங்கத்துலதான் வேலை, கழுத்துல ஒரு குண்டுமணி இல்ல" என்று சிரிப்பார். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. தங்கத்துக்குப் பதில் பல சில்லுகளில் செம்பு.

2011-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நேஷனல் செமிகண்டக்டரை வாங்கிவிட்டது. எல்எம் 75 இப்போது அவர்களுடைய கடைச் சரக்கு. வீட்டில் உடைந்துபோன பழைய மின்னணுப் பலகை ஏதாவது கிடந்தால், பெரியவர்களிடம் கேட்டு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கறுப்புச் சில்லுகளின் முதுகைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் 'மலேசியா' என்று பொறித்திருக்கும். இன்டெல் செயலிகளில் 'மலாய்' என்று சுருக்கி எழுதியிருப்பதும் உண்டு. நம் ஊர்ப் பெயர் உலகத்துக் கணினிகளுக்குள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் திறக்காததால் யாருக்கும் தெரிவதில்லை.

இனிக் கொஞ்சம் கடினமான இடம். மெதுவாகப் போவோம்.

எல்எம் 75 தன் உடம்புச் சூட்டைத்தான் சொல்லும். செயலியின் நடுவயிற்றில் என்ன சூடு என்று பலகை மூலையில் இருக்கிற அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் பொறியாளர்கள் செயலிக்குள்ளேயே ஒரு டிரான்சிஸ்டரை வேறு எந்த வேலையும் கொடுக்காமல், சூடு சொல்வதற்கென்றே வைத்தார்கள். இன்டெல்லின் பென்டியம் 2 காலத்திலேயே, 1990-களின் பிற்பாதியில், இது வந்துவிட்டது. சிலிக்கனுக்கு ஒரு குணம்: அதன் வழியே சிறிது மின்னோட்டம் விட்டால், வாசலில் கட்டணம் வாங்குகிற மாதிரி அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் பிடித்துக்கொள்ளும். சூடு ஏற ஏற அந்தக் கட்டணம் குறையும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். கட்டணத்தை அளந்தால் சூடு தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு டிரான்சிஸ்டர் மாதிரி இன்னொன்று இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் கூட வாங்கும், ஒன்று கொஞ்சம் குறைய. எதை நம்புவது?

மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்கிறவர் என்ன செய்கிறார்? கூடையோடு நிறுக்கிறார். வெறும் கூடையையும் நிறுத்துப் பார்க்கிறார். கழித்துவிடுகிறார். கூடை கனமானதா, லேசானதா என்ற கவலையே இல்லை. சில்லும் அதையே செய்கிறது. ஒரே டிரான்சிஸ்டர் வழியே முதலில் சின்ன மின்னோட்டம், பிறகு அதைப்போல பத்து மடங்கு மின்னோட்டம். இரண்டு தடவையும் கட்டணத்தை அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. அந்த டிரான்சிஸ்டரின் சொந்தக் குணம் கூடையின் எடை மாதிரி ஓடிவிடும். மிஞ்சுவது சூடு மட்டும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.2 மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டை ஐயாயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு! அவ்வளவு சின்னதை, இரைச்சல் நிறைந்த கணினிக்குள் இருந்துகொண்டு அளக்கிறது. இந்தத் தந்திரத்தை முதன்முதலில் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இப்போதும் வெங்காயம் வாங்கும்போது நினைவு வரும்.

"கண்ணு முடிஞ்சுது. மனசு?"

மனம் இருக்கிற இடம் கருவிக்குக் கருவி மாறும். மடிக்கணினியில் பெரும்பாலும் விசைப்பலகையையும் மின்கலத்தையும் கவனிக்கிற ஒரு சின்னச் சில்லிடமே இந்த வேலையையும் கொடுத்துவிடுவார்கள். வேறு பல பெட்டிகளில் இதற்கென்றே தனிச் சில்லு உண்டு. ஏடிடி 7467 என்று ஒன்று: தன் சூட்டையும் வெளியே இரண்டு இடத்துச் சூட்டையும் பார்த்து, நான்கு காத்தாடிகள்வரை மேய்க்கும். சைபர்ஜெயாவில் இருக்கிற தரவு மையங்களில் அலமாரி அலமாரியாகச் சர்வர்கள் நிற்கின்றனவே, அவற்றின் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காத்தாடி வரிசையும், அதை மேய்க்க ஒரு மனமும் உண்டு.

மனத்துக்கு எளிய கட்டளை ஒன்று கொடுத்துப் பார்ப்போம். 80 டிகிரிக்கு மேல் போனால் காத்தாடியைப் போடு, 80-க்குக் கீழே வந்தால் நிறுத்து. சரிதானே?

பையன் தலையாட்டினான். சரியில்லை என்றேன். சூடு 80-ஐத் தொடுகிறது, காத்தாடி ஓடுகிறது. உடனே 79.5. நின்றுவிடுகிறது. உடனே 80. ஓடுகிறது. சுற்று, நில், சுற்று, நில் என்று விக்கல் எடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு கோடு போட வேண்டும். மேல்கோட்டைத் தொட்டால் ஓடத் தொடங்கு. கீழ்க்கோடு வரும்வரை நிறுத்தாதே. எல்எம் 75-க்கு மின்சாரம் கொடுத்ததும் யாரும் சொல்லாமலே அதன் நினைவில் இருக்கிற இரண்டு எண்கள் 80-உம் 75-உம்தான். இந்த இடைவெளிக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் இது இருக்கிறது. இரவு அமைதியாக இருக்கும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து, உறுமத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள், நின்றதும் பாருங்கள். ஓடுகிற நேரம், நிற்கிற நேரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கதவைச் சில தடவை திறந்து மூடிவிட்டு மறுபடி எழுதுங்கள். அம்மா திட்டினால் அறிவியல் என்று சொல்லிப் பார்க்கலாம்.

இன்னொரு ஞானமும் அதற்கு உண்டு. ஒரே ஒரு தடவை 80 என்று தெரிந்தால் உடனே கூச்சல் போடத் தேவையில்லை. தொடர்ந்து இரண்டு தடவையோ நான்கு தடவையோ ஆறு தடவையோ அப்படியே தெரிந்தால் மட்டும் எச்சரிக்கை கொடு என்று நாம் சொல்லி வைக்கலாம். பக்கத்தில் மின்னல் வெட்டினாலும், மோட்டார் ஒன்று சட்டென்று ஓடினாலும் ஓர் அளவு தப்பாக வரலாம் அல்லவா?

இனிக் கை. நான்கு கம்பி பார்த்தாயே! மேசைக் கணினிக் காத்தாடிகளில் அவற்றின் நிறம் பெரும்பாலும் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம். கறுப்பும் மஞ்சளும் மின்சாரம் கொடுக்க. நீலம் போகிற செய்தி, பச்சை வருகிற செய்தி.

நீலத்தில் போவது வேகம் பற்றிய கட்டளை. ஊஞ்சலை நினைத்துக்கொள். நீ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தள்ளினால் உயரப் போகும். ஒன்று விட்டு ஒன்று தள்ளினால் தாழ ஆடும். தள்ளாத நேரத்திலும் ஊஞ்சல் நிற்பதில்லை. நீலக் கம்பியில் 'தள்ளு, விடு, தள்ளு, விடு' என்று நொடிக்கு 25,000 தடவை துடிப்பு போகிறது. தள்ளுகிற நேரம் நீண்டால் வேகம், சுருங்கினால் மெதுவு. ஏன் இவ்வளவு தடவை? மனிதக் காது கேட்பது நொடிக்கு 20,000 துடிப்புவரைதான். அதற்குக் கீழே வைத்தால் மோட்டார் அந்தத் தாளத்தில் 'ம்ம்ம்' என்று முனகுவது நமக்குக் கேட்டுவிடும். 25,000 என்றால் பத்துமலை வௌவாலுக்குக் கேட்கலாம். நமக்கு இல்லை.

பச்சையில் வருவது காத்தாடியின் பதில். பெரும்பாலான காத்தாடிகள் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். ஒரு நொடியில் 100 துடிப்பு வந்தால் 50 சுற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்று. 'சுற்று' என்று சொன்ன பிறகு துடிப்பே வராவிட்டால், நூலோ தூசியோ இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மனம் புரிந்துகொள்ளும். நல்ல சில்லு முதலில் ஒரு முழு வேக உந்து கொடுத்துப் பார்க்கும், நின்ற வண்டியைக் கிளப்ப அதிக பலம் வேண்டும் என்பதால். அதற்கும் அசையவில்லை என்றால் அபாயச் செய்தி.

ஷா ஆலம் தாண்டும்போது அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "இவ்வளவு கஷ்டம் எதுக்கு மாமா? எப்பவும் முழு வேகத்துல சுத்த விட்டா என்ன?"

விடலாம். பழைய பெட்டிகளில் அப்படித்தான் விட்டார்கள். ஆனால் ஒரு கணக்கு பார். காத்தாடியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அது தள்ளுகிற காற்றும் பாதியாகும். மின்சாரச் செலவு? அதுவும் பாதி என்று நினைப்போம். இல்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும்! இரண்டை மூன்று தடவை பெருக்குகிற கணக்கு. அதனால்தான் தேவைக்கு மேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் இருப்பதில் அவ்வளவு லாபம். ஓசையும் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும், உறுமல் கிசுகிசுப்பாகிவிடும். உள்ளே வருகிற தூசியும் குறைவு, அச்சாணித் தேய்மானமும் குறைவு. தரவு மையம் மாதிரி ஆயிரமாயிரம் காத்தாடி ஓடுகிற இடத்தில் இந்த எட்டில் ஒரு பங்கு கணக்கு எவ்வளவு பெரிய தொகை என்று நீயே பெருக்கிக்கொள்.

கண் இருந்தும் மனம் மந்தமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2001-இல் கணினிப் பாகங்களைச் சோதிப்பதற்குப் பேர்போன டாம்ஸ் ஹார்ட்வேர் குழுவினர் ஒரு குறும்பு செய்தார்கள். கணினியில் குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, செயலியின் மேலிருந்த வெப்பத் தகட்டைக் காத்தாடியோடு கழற்றிவிட்டார்கள். பென்டியம் 4 செயலி தன் சூட்டைத் தானே பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டது. விளையாட்டு நத்தை மாதிரி நகர்ந்தது, நிற்கவில்லை. தகட்டைத் திருப்பி வைத்ததும் பழைய வேகம். பென்டியம் 3 உறைந்து நின்றுவிட்டது, சாகவில்லை. ஏஎம்டியின் இரண்டு செயலிகள் சில நொடியில் புகைந்து போயின. அவற்றில் ஒன்றுக்குள் சூடு சொல்கிற டயோடு இருந்தது! அது கண் மாதிரி பார்த்தது. ஆனால் அதைக் கேட்டு மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தாய்ப்பலகைக்கு அவ்வளவு வேகம் இல்லை. அந்தக் காணொளி கணினிக்காரர்கள் மத்தியில் பெரிய பேச்சானது. இன்றைய செயலிகள் எல்லாமே சூடு மிஞ்சினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தாமே அணைந்துவிடும். அதைக் கழற்றிப் பார்க்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். கணினியின் காற்றுத் துளையில் விரலோ பென்சிலோ விடுகிற வேலையும் வேண்டாம்.

கிள்ளான் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவாமல் கணினியைத் திறந்தான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சத்தமே இல்லை. காதைப் பக்கவாட்டில் இருக்கிற துளையில் வைத்துக் கேட்டான். அங்கேயும் இல்லை.

"மாமா, அந்த அண்ணன் காத்தாடிய உடைச்சிட்டாரு போல. சுத்தவே இல்ல!"

அக்காள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கொடுத்த காசு வீணா என்று என்னை ஒரு பார்வை.

"இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருக்க?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"விளையாட்டைத் தொற."

திறந்தான். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கையைத் துளைக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது நிமிடம் தாண்டியதும் அவன் முகம் மாறியது. சூடான காற்று, மெல்ல, உள்ளங்கையில்.

"மேல்கோட்டைத் தொட்டிருச்சு" என்றான்.